பிரேக் பிடிக்காமலே சுட்ட தட்டு

போன மாதம் உங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தபோது ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். கையில், சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்கள் இரண்டு. ஒன்று வண்டியோடு வந்தது, மற்றது புதிதாக மாட்டப்போவது. எதில் பிஸ்டன் அதிகம், எது எடை குறைவு, எது எந்தப் பந்தய வண்டியில் இருக்கிறது என்று அவர் அடுக்கிய வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மூச்சு வாங்கியது. கடைசியில், "நீங்க சொல்லுங்க சார், எது நல்லது?" என்றார். "இதைப் பிடிக்கப்போற லிவர் எங்கே?" என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டுவிட்டதுபோல முழித்தார்.

அன்று எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பதிலை இப்போது எழுதுகிறேன். கேட்டவர் ஒருவர்தான் என்றாலும் எல்லோரும் படியுங்கள். இதில் இருக்கும் திட்டு பொதுவானது.

எழுபதுகளின் கடைசியில் நான் பீர்மேட்டுக்குக் கீழே ஒரு ஜீப் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தேன். பிறந்து வளர்ந்தது பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில். தென்னந்தோப்பும் சமதரையுமான ஊர். அங்கே வண்டி தானாக உருள வேண்டுமென்றால் யாராவது தள்ள வேண்டும். பீர்மேட்டில் நேர்மாறு. வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் யாரும் இறங்கமாட்டார்கள். எங்கள் வாசலில் நிற்பவை பெரும்பாலும் எஸ்டேட் ஜீப்புகள், அவற்றில் பாதிக்கு மேல் பிரேக் வேலைக்கு வந்தவை.

ஒர்க்ஷாப்பின் தலைமை மெக்கானிக்கை எல்லோரும் ஆசான் என்று கூப்பிடுவோம். மலையாள நாட்டில் ஒர்க்ஷாப்புத் தலைவருக்கு அதுதான் பெயர். எங்கள் ஆசான் தமிழர், அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எலே பெருமாட்டி" என்பார். நானும் அதற்கே திரும்பப் பழகிவிட்டேன். கோபக்காரர். ஆனால் ஜீப் பிரேக்கில் அந்த மலையில் அவரை மிஞ்ச ஆளில்லை, எனக்கும் அவர்மேல் பெரிய மதிப்பு.

இந்தக் கதைக்கு ஜீப் பிரேக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அதன் சக்கரத்துக்குள் இருப்பது டிரம்; பெடலை மிதித்தால் ஷூ என்ற கட்டைகள் விரிந்து அதன் உட்புறத்தை அழுத்தும். பெடலை விட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஷூவைப் பின்னால் இழுத்துவிடும். மறுபடி மிதிக்கும்போது பெடல் வெகுதூரம் போகாமல் இருக்க, ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு செக் வால்வு இருக்கும். பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அது கெட்டுப்போனால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், இரண்டாவது மிதியில் மேலே வந்துவிடும். முதல் மிதி தாழ்ந்தால் செக் வால்வைப் பார் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வால்வைப் போட மறந்தவனுக்கு ஆசான் கையால் நடுமண்டையில் ஒரு கொட்டு நிச்சயம்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு ஜப்பான் மோட்டார்சைக்கிள் வந்தது.

முண்டக்கயம் இறக்கத்தில் இருந்த ஒரு எஸ்டேட்டின் அசிஸ்டென்ட் மேனேஜர் வண்டி அது. தோட்டத்தில் மேனேஜரைப் பெரிய தொரை என்றும் அவரைச் சின்ன தொரை என்றும் சொல்வார்கள். மெட்ராஸை விட்டுப் போன ஒரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து வாங்கியதாம். தோட்டக்காரர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டுவதற்காக வைத்திருந்தார். முன்சக்கரத்தில் டிரம் இல்லை, டிஸ்க். எங்கள் பக்கத்தில் பலர் அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தார்கள். டீ குடிக்க வந்தவர்கள்கூடக் குனிந்து பார்த்துவிட்டு, "சாப்பாட்டுத் தட்ட என்னத்துக்குச் சக்கரத்துல மாட்டிருக்காக?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து எங்களுக்கும் அது தட்டுதான்.

சின்ன தொரைக்குப் பிரேக் போதவில்லை. வேகமாக இறங்கும்போது பிடி வருவதில்லை என்றார். கழற்றிப் பார்த்தோம். அந்தக் காலிப்பரில் ஒரே ஒரு பிஸ்டன். அது ஒரு பக்கத்துப் பேட் கட்டையை மட்டும் தள்ளும். காலிப்பர் ஒரு இரும்புப் பின்னில் ஊசலாடி மறுபக்கத்துப் பேட் கட்டையைத் தட்டின்மேல் இழுத்துவரும். பின் சுத்தமாக இருந்தால் அருமையான ஏற்பாடு. ஆனால் எங்கள் மலை மழையிலும் மஞ்சுப் பனியிலும் பின் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. ஒரு பேட் பாடுபட்டுக்கொண்டிருக்க, மற்றது சும்மா உட்கார்ந்திருந்தது.

துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டால் போதும் என்று ஆசானும் சொன்னார், நானும் சொன்னேன். சின்ன தொரைக்கு அது பிடிக்கவில்லை. பந்தய வண்டிக்குத் துரு சுரண்டுவதா? பெரிதாக, புதிதாக ஏதாவது வேண்டும். தம்பிகளே, உங்களிடம் வருகிற வாடிக்கையாளர்களும் இப்படித்தான் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பாலக்காட்டில் பழகிய ராவுத்தர் கடை ஒன்று உண்டு. பிரித்த வண்டிகளின் சாமான் எல்லாம் கிடைக்கும். அங்கே போய், இதைவிடப் பெரிய வண்டியிலிருந்து கழற்றிய ஒரு காலிப்பரைக் கண்டுபிடித்தேன். இருபுறமும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன், இரண்டும் பழையதைவிடப் பெரியவை. ஊசலாடும் பின் கிடையாது, முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் போல்ட் போட்டு இறுக்கினால் அசையாது. ராவுத்தர் அதைக் காகிதத்தில் சுற்றும்போதே சொல்லிவிட்டார்.

"தம்பி, இதுக்கு நெறைய ஆயில் தள்ளணும். மாஸ்டர் சிலிண்டரோட சேத்து அந்தப் பெரிய வண்டியோட லிவர் செட்டும் வேணும். அது என்கிட்ட இப்ப இல்ல, கோயமுத்தூர் ஆள் கொண்டுபோயிட்டார். வந்தா சொல்லியனுப்பறேன். அதுவரைக்கும் இத மாட்டாதீங்க."

அதை அப்படியே சின்ன தொரையிடமும் ஆசானிடமும் சொன்னேன். மேஜைமேல் இரண்டு காலிப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தோம். புதியது எல்லா வகையிலும் உயர்ந்ததாகத்தான் தெரிந்தது. பந்தயம் நெருங்கிவிட்டது, காத்திருக்க முடியாது என்றார் சின்ன தொரை. "லிவரு தாழ்ந்தா நா பாத்துக்கிடுதேன்" என்றார் ஆசான். நான் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டேன்.

கல்யாணம் முடிந்து ஒரு திங்கட்கிழமை திரும்பினேன். எஸ்டேட் லாரியிலிருந்து அந்த வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஹேண்டில்பார் வளைந்து, ஹெட்லைட் உடைந்து, போர்க்கில் தேயிலைக் கிளை சிக்கியிருந்தது. அருகில் செல்வராஜ் நின்றிருந்தார். எஸ்டேட் டிரைவர், எங்கள் எல்லோருக்கும் பழக்கமானவர். நெற்றியில் பிளாஸ்திரி.

நடந்தது இதுதான். வேலை முடிந்த வண்டியை எடுத்துவரச் சொல்லிச் சின்ன தொரை செல்வராஜை ஞாயிற்றுக்கிழமை அனுப்பியிருக்கிறார். செல்வராஜின் மனைவி பேச்சியம்மாள் அன்று சந்தைக்கு வந்திருந்தார். பஸ்ஸில் போக வேண்டிய மனைவியை இவர் தொரை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டார். மேடு ஏறி, உச்சியிலிருந்த டீக்கடையில் நின்று டீ குடித்துவிட்டு, மறுபக்கத்து இறக்கத்தில் இறங்கியிருக்கிறார்கள். ஒரு வளைவில் எதிரே சர்க்கார் பஸ் வந்தது. முன்பிரேக்கைப் பிடித்தால் லிவர் வெறுமனே கைப்பிடிவரை வந்துவிட்டது. பின்பிரேக் மட்டும் போதவில்லை. ஒருபுறம் பள்ளம், எதிரே பஸ். செல்வராஜ் வண்டியை மலைப்பக்கத்துத் தேயிலைக்குள் விட்டார். பேச்சியம்மாளுக்குக் கை முறிந்தது.

"சத்தியமாச் சொல்லுதேன் ஆசானே, லிவரு கைப்பிடியோட ஒட்டிக்கிடுச்சு" என்றார் செல்வராஜ்.

"இப்பப் புடிச்சுப் பாருலே" என்றார் ஆசான்.

செல்வராஜ் பிடித்தார். லிவர் கல் மாதிரி நின்றது. நானும் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு நல்ல பிடியை நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை.

"எங்கனலே ஒட்டுது? பொண்டாட்டிய பின்னால வச்சுக்கிட்டுப் பறந்துட்டு, என் வேலைய கொற சொல்லுத. போலே."

செல்வராஜ் லிவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் சொல்வதைத் தன் கையே பொய்யாக்கிவிட்ட மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் நம்பவில்லை.

விஷயம் பெரிய தொரையிடம் போய்விட்டது. புதன்கிழமை காலை ஆபீசில் விசாரணை. பிரேக் சரியாக இருந்ததா இல்லையா என்று ஒர்க்ஷாப் சொல்ல வேண்டும், அதை வைத்து முடிவு. பிரேக் சரி என்றால் செல்வராஜுக்கு வேலை போகும். எஸ்டேட்டில் வேலை போனால், அவர்கள் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். பேச்சியம்மாள் தற்காலிகமாகக் கொழுந்து பறிப்பவர், அவர் பெயரில் வீடு கிடையாது. கை முறிந்தபிறகு அந்த வேலையும் இல்லை. ஆக, அந்தக் குடும்பம் எங்கே படுப்பது என்பது எங்கள் வாயில் இருந்தது.

வண்டியை முழுதாகச் சோதித்தேன். ஒழுகல் இல்லை. ஆயில் போகும் ஹோஸில் வீக்கம் இல்லை. பேட் புதியது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் லேசாக உரசியது. புதுப் பேட் அப்படித்தான் உரசும் என்றார் ஆசான். மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே ஹோஸ் தொடங்கும் இடத்தில் மட்டும் நான் பார்த்திராத ஒரு பித்தளைத் துண்டு இருந்தது. லேத்தில் அழகாகக் கடைந்தது.

"இது என்னங்க ஆசானே?"

"செக் வால்வுலே. பெரிய காலிப்பரு மாட்டுனதும் மொதப் பிடி கீழ போச்சு, ரெண்டாம் பிடி மேல வந்துச்சு. ஜீப்பு வால்வ எடுத்து ஒரு கூடு செஞ்சு உள்ள வச்சேன். பாத்தியா, எப்படி நிக்கி?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. முதல் பிடி தாழ்ந்தால் செக் வால்வு. எங்கள் ஒர்க்ஷாப்பில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் வந்தார். கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து தூக்குத்துணி. கெஞ்சுவதற்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வந்தது சண்டைக்கு.

"ஏண்ணே, அவுகதான் பொய் சொல்லுதாகன்னே வச்சுக்கிடுங்க. நானுமா பொய் சொல்லுதேன்? பின்னால உக்காந்து நா என் கண்ணால பாத்தேன். நாலு வெரலும் கைப்பிடியோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னைய ஒரு ஆளு ஒரு வார்த்த கேட்டியளா?"

கேட்கவில்லைதான். அது எனக்கு உறைத்தது. ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன்.

அவர் சந்தையில் வாங்கிய கருவாட்டிலிருந்து ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை. டீக்கடையில் நின்ற கட்டத்துக்கு வந்தார்.

"தூறல் போட்டுச்சு. நா வண்டிகிட்ட நின்னுக்கிட்டு டீ குடிச்சேன். அந்தத் தட்டுல தூறல் விழுந்து சொய்யி சொய்யின்னுச்சு. தோசக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி. ஏய்யா இது இப்படிச் சுடுதுன்னு கேட்டேன். புது பிரேக்கு அப்படித்தாம் இருக்கும்னாக."

"டீக்கடை வரைக்கும் ஏத்தம்தானுங்க? வர்ற வழியில எங்கயாவது பிரேக் புடிச்சாரா?"

"ஏத்தத்துல என்னத்துக்குண்ணே பிரேக்கு? எதுக்க ஒரு வண்டி கூட வரல. ஒரே மூச்சா ஏறுனோம்."

மழை குளிரில், பிரேக்கைத் தொடாமல் ஏறிவந்த வண்டியின் தட்டு எதற்காகச் சுட வேண்டும்?

அவரை அனுப்பிவிட்டு வண்டியின் முன்னால் உட்கார்ந்தேன். ஜீப்பில் ஷூவைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. வால்வு பிடித்து வைக்கும் அழுத்தத்தைவிட ஸ்பிரிங்குக்குப் பலம் அதிகம், அதனால் ஷூ உரசாது. டிஸ்க்கில் ஸ்பிரிங் எங்கே? கிடையவே கிடையாது. லிவரை விட்டால் அழுத்தம் போய்விடும், பேட் தானாகத் தளர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அந்த அழுத்தத்தைப் போகவிடாமல் நாங்கள் ஒரு வால்வை வைத்திருந்தோம். லிவர் மேலே நின்றதன் ரகசியமே அதுதான். பேட் தட்டை விடவே இல்லை. ஓடும் தூரமெல்லாம் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. ஏற்றத்திலேயே தட்டு சுட்டுவிட்டது. இறக்கத்தில் இரண்டு ஆள் பாரத்தோடு நிஜமாகவும் பிடித்தபோது காலிப்பருக்குள் இருந்த ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவியை அமுக்கினால் அமுங்கும், பேட் கட்டையைத் தள்ளாது. ஆறியதும் ஆவி மறுபடி ஆயில். லிவர் கல் மாதிரி. மஞ்சு பிடித்த எங்கள் ஒர்க்ஷாப்பில் நாள்கணக்கில் திறந்து கிடந்த பிரேக் ஆயில் டின்னையும் பார்த்தேன். காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் குடித்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும்.

மறுநாள் காலையில் ஆசானிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"எலே பெருமாட்டி, எனக்கு நீ பிரேக்கு சொல்லித் தாறியா? எத்தன ஜீப்பு இந்தக் கையால இறங்கிருக்கு தெரியுமா? வண்டிய எடு. இப்பவே இறக்கத்துல ஓட்டிக் காட்டுதேன், அந்த பஸ் வளைவு வரைக்கும்."

ஹேண்டில்பாரை நிமிர்த்தி வைத்திருந்தோம், வண்டி ஓடும் நிலையில்தான் இருந்தது. அவர் உட்கார்ந்து உதைக்கப் போனார். நான் சொல்வது சரியென்றால் இந்த மனிதர் பஸ் வளைவில் செத்துப்போவார். வாதம் செய்ய நேரமில்லை. குனிந்து, இன்ஜின் கிளம்பாதபடி பிளக் கேப்புகளைப் பிடுங்கிவிட்டு முன்னால் நின்றுகொண்டேன். அந்த ஒர்க்ஷாப்பில் அவர் முன்னால் அப்படி யாரும் நின்றதில்லை. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"இறக்கம் வேண்டாமுங்க ஆசானே. ஏத்தத்துல ஓட்டுங்க, பிரேக்கைத் தொடாம ஓட்டுங்க. நான் சொல்றது பொய்யின்னா மேட்டுல நின்னு என்னைத் திட்டிக்கலாமுங்க. நெசம்னா, திட்டறதுக்கு நீங்க உசுரோட இருக்கோணுமில்லீங்களா?"

அவர் என்னை முறைத்தார். பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதில் அவருக்கும் கொஞ்சம் இளகியது. "கேப்ப மாட்டு" என்றார்.

அவர் வண்டியில் ஏற, நான் பின்னால் ஜீப்பில் போனேன். தம்பிகளே, இதைக் கவனியுங்கள். ஒரு பிரேக்கைச் சந்தேகப்பட்டால், அது போனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத இடத்தில்தான் அதைச் சோதிக்க வேண்டும். வீரத்தைக் காட்ட இறக்கத்துக்குப் போகாதீர்கள். ஏற்றத்தில் பிரேக் இல்லாவிட்டால் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதை நிறுத்தினால் போதும், மலையே வண்டியை நிறுத்திவிடும்.

உச்சியில் டீக்கடைக்கு முன்னால் ஆசான் பின்பிரேக்கால் நிறுத்தி இறங்கினார். அன்று தூறல் இல்லை. "முன்பிரேக்க நா தொடவே இல்ல. ஒரு சூடும் கெடையாது, பாரு" என்று சொல்லிக்கொண்டே, எனக்குக் காட்டுவதற்காகக் குனிந்து உள்ளங்கையைத் தட்டின்மேல் வைத்தார். நான் கத்துவதற்குள் வைத்துவிட்டார்.

கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் தட்டின் விளிம்பு வளைவாகப் பதிந்திருந்தது. டீக்கடைக்காரர் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார்.

மீதியை நான் செய்தேன். உச்சியில் கொஞ்சதூரம் சமதரை உண்டு. அங்கே போவதும் வருவதுமாக வேகமாக ஓட்டி, முன்பிரேக்கை அழுத்தி அழுத்தி நிறுத்தினேன். சற்று நேரத்தில் லிவர் தளர ஆரம்பித்தது, பிறகு ஒரேயடியாகக் கைப்பிடிக்கு வந்து முட்டியது. ஆசான் முன்னால் வண்டியை நிறுத்தினேன். அவர் வெந்த கையை மார்போடு வைத்துக்கொண்டு இடக்கையால் லிவரைப் பிடித்தார். ஒட்டியது. மறுபடி பிடித்தார். ஒட்டியது.

டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்து, ஆறியபிறகு ஒரே மடக்காகக் குடித்தார். எழுந்து போய் மறுபடி லிவரைப் பிடித்தார். கல் மாதிரி நின்றது.

"இதத்தான அந்தப் பய சொன்னான்" என்றார்.

புதன்கிழமை ஆபீசுக்கு நானும் போனேன். பெரிய தொரை மலையாளி, பேச்சு பாதி மலையாளமும் பாதி தமிழுமாக வரும். செல்வராஜ் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். பேச்சியம்மாளை உள்ளே விடவில்லை, வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றார். ஆசான் கையில் துணி சுற்றியிருந்தது. பிரேக் ஆறிப்போய் நல்ல நிலையில் ஒர்க்ஷாப்பில் நிற்கிறது. சரியாக இருக்கிறது என்று சொன்னால் அதுவும் பொய்யாகாது. எஸ்டேட் ஜீப்புகள்தான் எங்கள் பிழைப்பு. ஆசான் என்ன சொல்வாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்தான்.

"ஆசானே, பிரேக்கு சரியா இல்லையா? ஒற்ற வாக்கு மதி" என்றார் பெரிய தொரை. ஒரே வார்த்தை போதும் என்கிறார்.

"ஒரு வார்த்தையில சொல்ல முடியாது தொரை. இப்பப் போயிப் புடிச்சியள்னா சரியாத்தான் இருக்கும். திங்கக்கெழம நானும் அப்படித்தான் புடிச்சுப் பாத்துட்டு இவன ஏசுனேன்." சுற்றியிருந்த துணியை அவிழ்த்து உள்ளங்கையை மேஜைமேல் வைத்தார். "இது பிரேக்கத் தொடாம மேடு ஏறிப் போயித் தட்டத் தொட்டதுல வெந்தது. வைக்கக் கூடாத வால்வ அதுல வச்சது நான். ஓட்டுனவன் மேல தப்பு இல்ல. பள்ளத்துல விடாம தேயிலையில விட்டானே, அதுக்கு அவனுக்கு நீங்க கை குடுக்கணும்."

பெரிய தொரை அந்தக் கையைப் பார்த்தார். கை கொடுக்கவெல்லாம் இல்லை. தொரை வண்டியில் மனைவியை ஏற்றியதற்குச் செல்வராஜுக்கு நல்ல வசவு விழுந்தது. அது நியாயம்தான். ஆனால் வேலை நின்றது, வீடும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பேச்சியம்மாள் முறியாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்குக் கிடைத்தது என்னவென்றால், எஸ்டேட் ஜீப்புகள் கொஞ்சகாலம் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. ஆசான் அதைப் பற்றி ஒருநாளும் புலம்பியதில்லை.

பித்தளைத் துண்டைக் கழற்றினோம். பெரிய காலிப்பரை எடுத்து வைத்துவிட்டு, பழையதன் பின்னைத் துருப் போகத் தேய்த்து மாட்டினோம். புது டின் உடைத்து ஆயில் ஊற்றினோம். பிறகு பாலக்காட்டிலிருந்து லிவர் செட் வந்தபோது, இரண்டையும் சேர்த்து மாட்டினோம், பிரமாதமாகப் பிடித்தது. பெரிய காலிப்பரில் குறை ஒன்றும் இல்லை. அன்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்: காலிப்பரோடு காலிப்பரை வைத்துப் பார்க்காதீர்கள். விரலில் தொடங்கித் தட்டுவரைக்கும் முழுதாக வைத்துப் பாருங்கள். இன்னொன்று, பிரேக் போச்சு என்று ஒருவர் சொல்லி, நீங்கள் பிடிக்கும்போது அது நன்றாக இருந்தால், அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்குமுன் பின்னால் உட்கார்ந்து வந்தவரையும் கேளுங்கள்.

அன்றைய கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. லிவர் செட் வருமுன், பழைய காலிப்பர் மாட்டிய வண்டியை எஸ்டேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். செல்வராஜ் உச்சிவரை ஓட்டிவந்துவிட்டு, டீக்கடையில் நிறுத்திவிட்டார். இறக்கத்தில் ஓட்டமாட்டேன் என்றார். பயத்தை மறைக்கவும் இல்லை. பின்னால் ஜீப்பில் நானும் ஆசானும் வந்திருந்தோம். ஆஸ்பத்திரியில் கட்டைக் காட்டிவிட்டுத் திரும்பிய பேச்சியம்மாளும் எங்களோடு இருந்தார்.

ஆசான் ஜீப்பை விட்டு இறங்கினார். தட்டின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார், இந்த முறை ஜாக்கிரதையாக. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்சீட்டில், ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தில், ஏறி உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுலே" என்றார்.

செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வண்டியில் ஏறி உதைத்தார்.

"மெதுவாப் போய்யா, பின்னால ஆசான் இருக்காக" என்றார் பேச்சியம்மாள்.

"மெதுவாப் போறதுக்கா நா ஏறிருக்கேன்?" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார் ஆசான். "நல்லா வெரட்டிப் போயி அந்த பஸ் வளைவுல புடிலே. புடிக்கலைன்னா எனக்குத் தெரியணும்."

வண்டி இறங்கி மறைந்தது. சத்தம் மட்டும் மஞ்சுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் பேச்சியம்மாள் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார். அவர் அதை வாயருகே கொண்டுபோகாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வளைவு இருக்கும் இடத்தில் சத்தம் சட்டென்று தணிந்தது. அடுத்த நொடி மறுபடி எழுந்து, இறக்கத்தில் சீராகப் போய்த் தேய்ந்தது.

பேச்சியம்மாள் டீயைக் குடித்தார்.